தலைமாட்டுத் தீ

மஞ்சளாகத்தான் எரிந்தது. நீலம் வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று தமயந்தி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வரவில்லை. வீடாகக் கட்டிய வண்டியின் விலாவில் திறந்து கிடந்த சின்னத் தகரக் கதவுக்கு உள்ளே, வெந்நீர்ப் பெட்டியின் பர்னரில், தீ சோம்பலாக நாக்கை நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறை நீட்டும்போதும் நுனியில் ஒரு கறுப்பு இழை கிளம்பி, கதவின் மேல்விளிம்பில் வெள்ளைப் பெயின்டைத் தொட்டுவிட்டு மறைந்தது. அந்த இடத்துக்கு ஒரு முழம் மேலே ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் படுக்கை, படுக்கையில் ஞானகுரு, அவள் புருஷன், அத்தை மகன், நினைவு தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு மாமா. அம்மை போட்டு, அது நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டு வந்து, இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். உடம்புக்கு இனி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுந்து நடக்கலாம், நினைத்ததைச் சாப்பிடலாம், தலைக்கு ஊற்றிக்கொள்ளலாம். அவர்தான் எழுந்திருக்கவில்லை. பசிக்கிறது என்றோ கஞ்சியில் உப்பில்லை என்றோ ஒரு வார்த்தை இல்லை. கொடுத்ததைக் குடித்துவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிற மனுஷரை என்ன செய்வது. அவளுடைய அப்பாவும் இப்படித்தான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, தையல் பிரித்து, வீட்டுக்கு வந்து, ஒருநாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் அதற்கப்புறம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அப்போது அவள் கடல் தாண்டி எட்மன்டனில் இருந்தாள், அம்மா போனில் சொன்னதுதான்: நோயெல்லாம் போயிருச்சுடி, நோயோட சேர்ந்து அவரும் போயிட்டாரு. அந்த வாக்கியம் இந்த நாலைந்து நாளாகக் காதுக்குள்ளேயே குடியிருக்கிறது. நேற்று சாயங்காலம் அவள் கெஞ்சிக் கூத்தாடி, நாளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திரலாம் மாமா, என்று கேட்டதற்குச் சுவரிடமிருந்துதான் பதில் வந்தது. சுடுதண்ணி இருந்தா வர்றேன். அவ்வளவுதான். அந்த மூன்று சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் விடிந்ததும் விடியாததுமாக ஈரச் சாக்கை மடித்துப் போட்டு மண்டியிட்டிருக்கிறாள். சுடுதண்ணி இருந்தால் வருவார். வந்துவிட்டால் போதும், வாசல்படி தாண்டி வெளியே ஒரு கால் வைத்துவிட்டால் போதும், மிச்சத்தை உடம்பே பார்த்துக்கொள்ளும். ஆனால் இந்தத் தீ மஞ்சளாக எரிகிறதே.

மன்னவனூரில் அப்போது மூட்டம் விலகவில்லை. பூண்டு வயலின் ஓரத்தில் நிற்கும் வண்டியிலிருந்து பார்த்தால் நாலு பாத்தி தெரிந்தது, அதற்கு மேல் எல்லாம் வெள்ளை. வெள்ளைக்குள்ளே எங்கேயோ ஒரு மாடு மணியை ஆட்டிக்கொண்டிருந்தது. வயல் பவுனுத்தாயுடையது. தேனியில் ஒரு கல்யாணத்துக்குப் போய், அங்கே யாரோ ஒரு குழந்தையை மாமா மடியில் வைத்துக் கொஞ்சி, அங்கிருந்து மலையேறி இந்த வயலோரத்தில் வண்டியைப் போட்டு ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள். காய்ச்சல் வந்தபோது குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். முதல் கொப்புளத்தைக் கண்டுபிடித்ததே பவுனுத்தாய்தான். வண்டிப் படியில் நின்று எட்டிப் பார்த்து, கன்னத்தில் கைவைத்து, ஆத்தா வந்திருக்கா, என்று ஏதோ ஊர்ப் பெரிய மனுஷி விருந்துக்கு வந்துவிட்டதுபோல மரியாதையாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது நேரே தேனிக்கு இறங்கிவிடலாமே என்று தமயந்திக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் பவுனுத்தாய் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், ஆத்தா வந்து இறங்கின எடத்துலயேதான் தண்ணி ஊத்தணும், பாதியில எடம் மாத்துனா அவளுக்குக் கோபம் வரும் என்று. இருபது வருஷத்துக்கும் மேலாக எட்மன்டன் நகராட்சிக்குக் குடிதண்ணீர் சோதித்துக் கொடுத்தவள், கிருமி எப்படிப் பரவும் என்பதைப் பாடம் எடுத்துச் சொல்லக்கூடியவள், சரிக்கா என்று சொல்லிவிட்டு கொண்டை ஊசி வளைவுகளில் இந்தப் பேருந்து அளவு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு மறுபடி இதே வயலுக்கு வந்து சேர்ந்தாள். ஏன் வந்தாள் என்று மகள் தென்றல் போனில் கேட்டபோது, வேப்பிலைக்குச் சொல்லியிருக்கு என்றாள். இந்த உயரத்தில் வேப்பமரம் கிடையாது. பவுனுத்தாயின் மருமகன் வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் ஒரு கட்டு வேப்பிலை கொண்டுவந்து தந்திருந்தான், ஈரத்துணி சுற்றி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்து, கீரைக்கட்டு என்று யாரோ விலை கேட்டார்களாம். அதை உருவி, மஞ்சள்தூள் கலந்து, நீல வாளியில் தண்ணீரில் போட்டு, வண்டியின் மேற்கூரையில் ஏற்றி வைத்தாகிவிட்டது. முறைப்படி அது வெயிலில் காய்ந்து சூடேற வேண்டும், அடுப்பில் காய்ச்சக்கூடாது. வெயிலுக்கு எங்கே போவது. வாளி அங்கே உட்கார்ந்துகொண்டு மூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பவுனுத்தாய் காலையில் வந்து மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, இங்க கருவாடு காயவே ஒரு மாசம் ஆகும், இதுல தண்ணி எங்குட்டுக் காய, என்று சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் யோசித்து, ஆத்தாவின் சார்பில் அவளே ஒரு தீர்ப்பும் சொன்னாள். "வெயிலு ஒரு நிமிசம் கண்ணுல பட்டாப் போதும் தாயி. மிச்சத்துக்கு ஒங்க பொட்டித் தண்ணியக் கலந்து ஊத்து. ஆத்தா என்ன, நெலவரம் தெரியாதவளா?"

பெட்டி என்று எல்லோரும் சொல்லும் இந்த வெந்நீர்ப் பெட்டியை ஞானகுரு எட்மன்டனிலிருந்து படுக்கை விரிப்புகளில் சுற்றி, குழந்தையை எடுத்து வருகிறமாதிரி, கப்பல் சாமான்களோடு கொண்டுவந்தார். அங்கே அவர் தொழிலே அதுதான், வீடு வீடாகப் போய், வீட்டைச் சூடாக்கும் கேஸ் உலையும் வெந்நீர்க் கொதிகலனும் சரிபார்ப்பது. ஊர் திரும்பியதும் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வண்டியை விட்டார். எத்தனை சீட்டு சார் வேணும் என்று மேஸ்திரி கேட்டார். ரெண்டு. மிச்ச எடத்துல? மிச்ச எடத்துல குடும்பம் நடத்தப்போறோம் என்று இவர் சொல்ல, பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு வந்து தமயந்தியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனது. பாவம் அந்த அம்மா என்கிற பார்வை. அவளுக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது. ஆனால் பெட்டியைப் பொருத்தி, முதன்முதலாக இந்த ஊர் சிலிண்டரில் பற்றவைத்த அன்று அவர் பர்னருக்கு முன்னால் குப்புறப் படுத்துக் கிடந்ததை அவள் மறக்கவில்லை. அங்கே உள்ளது வெறும் புரொப்பேன். இங்கே சிலிண்டரில் வருவது கலவை, பியூட்டேன் கூட, அதற்குக் காற்று இன்னும் அதிகமாக வேண்டும். பர்னர் குழாயின் வாயில் ஒரு சின்னத் தகரத் தட்டு, திருகைத் தளர்த்தினால் அகலும், குறுகும். அந்தச் சந்து வழியாகத்தான் காற்று உள்ளே போய் கேஸோடு கலக்கும். எல்லோரும் ஷட்டர் என்பார்கள், அவர் செவுள் என்பார். மீனுக்கு இருக்கில்ல, அது மாதிரி. மூடிட்டாத் திணறும், ஓவராத் திறந்தாத் துடிக்கும். கண்ணால் பார்த்துக்கூட இல்லை, காதை வைத்துக் கேட்டே அன்றைக்கு அதைச் சரிசெய்தார். தமயந்தி அந்தச் செவுளை இப்போது கொஞ்சம் திறந்தாள். மஞ்சள் அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம். நாக்கு ஒருமுறை சுருங்கி மறுபடி நீண்டது. சின்னமனூர் பள்ளிக்கூடத்தில், தமிழில், ஒன்பதாம் வகுப்பில் படித்தது நினைவில் வந்து நின்றது: ஒளிரும் சுடர், ஒளிராச் சுடர். காற்று போதாமல் எரிவது ஒளிரும் சுடர், கரி படியும். முழுதாக எரிவது ஒளிராச் சுடர், அதில்தான் சூடு அதிகம். பிற்பாடு கல்லூரியில் இதையே இங்கிலீஷில் படித்தாள், சமன்பாடுகளோடு, பரீட்சைக்கு எழுதினாள், எல்லாம் மறந்துபோயிற்று. இது மட்டும் போகவில்லை. ஒளிராச் சுடர். சத்தமில்லாமல் நீலமாக, இருக்கிற இடமே தெரியாமல் எரிகிற ஒன்று. மாமாவிடம் என்றைக்கும் அந்த அமைதி கிடையாது. காப்பி ஆறிப்போச்சு, இந்த ரோட்டை எவன் போட்டான், உன் தம்பிக்கு வண்டியை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது, சன்னலை ஏன் சாத்தினே, சன்னலை ஏன் திறந்தே. ஒரு நாளைக்கு நூறு குறை. அந்தக் குறைகளுக்குள்ளேதான் தானும் தென்றலும் குளிருக்கு ஒண்டிக்கொண்டு இருந்திருக்கிறோம் என்று இப்போது தெரிகிறது, அது நின்றுபோன பிறகு. ஜன்னலுக்கு அப்பால் ஒரு இருமல் கேட்டது. வறட்டு இருமல், டாக்டர் சொன்ன இருமல்தான், இன்னும் சில வாரம் இருக்கும், பயப்பட வேண்டாம். அவள் பயந்தாள்.

பயந்ததும் முதலில் கேஸை மூடினாள். மூடிவிட்டு, மூடியாயிற்றா என்று மறுபடி திருகிப் பார்த்தாள். அவள் பயந்தது வாசனை இல்லாத ஒன்றுக்கு. கேஸுக்கு நாற்றம் உண்டு, கசிந்தால் தெரியும், நாற்றத்தை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார்கள். ஆனால் கேஸ் பாதி எரிந்து பாதி எரியாமல் வரும் அந்த இன்னொரு விஷ வாயுவுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. எட்மன்டனில் ஒரு பனிக்காலம், அவர்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம், வெளியே போகும் புகைக்குழாயைப் பனி அடைத்துவிட்டது. சுவரில் இருந்த எச்சரிக்கை மணி ராத்திரி முழுக்கக் கத்தியிருக்கிறது. பாட்டரி தீர்ந்துபோய்க் கத்துகிறது என்று நினைத்து, அதைக் கழற்றி, துண்டில் சுற்றி, அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டுப் படுத்திருக்கிறார்கள். நல்லவேளை, பக்கத்து வீட்டுக்காரன் காரை எடுக்க வந்தவன் ஏதோ சந்தேகப்பட்டுத் தட்டினான், எல்லோரும் பிழைத்தார்கள். அந்த உலையைச் சரிசெய்யப் போனது மாமாதான். வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அரிசி டின்னுக்குள்ள இருந்து கத்திக்கிட்டே இருந்துச்சு தமா, என்று ஒருமுறை சொன்னார், அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் பேசாமல் இருந்த ஒரே விஷயம் அதுதான் போலிருக்கிறது, இந்த வாரம் வரைக்கும். அவள் எழுந்து நின்று ஜன்னலைப் பார்த்தாள். சாத்தித்தான் இருக்கிறது. கண்ணாடியில் மூச்சுப் படிந்திருந்தது, உள்ளேயிருந்து, அவருடைய மூச்சு. ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அது படிவதும் சுருங்குவதும் படிவதும். நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நுரையீரலுக்குப் பக்கத்தில், இந்த மஞ்சளைக் கொளுத்திக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேனே. வெந்நீர் வேண்டாம், அடுப்பில் நாலு பாத்திரம் காய்ச்சிக்கொள்ளலாம் என்று ஒரு மனசு சொன்னது. அடுப்பில் காய்ச்சக்கூடாது என்றல்லவா முறை, என்று இன்னொரு மனசு. பெட்டி மட்டும் அடுப்பில்லையா? நெருப்பு நெருப்புத்தானே? அதெல்லாம் ஆத்தாவுக்குத் தெரியும், பவுனுத்தாய் பேசி முடித்துவிட்டாள். அம்மை வரும்வரை ஒழுங்காக இருந்த பர்னர், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம்கூட அதில்தான் குளித்தோம், மலை உயரத்துக்குத் தகுந்தபடி மாமா செவுளைச் சரிசெய்தும் வைத்திருந்தார். பிறகு யாரும் தொடவில்லை. தொடாமலே எப்படிக் கெடும்?

தொடாததால்தான் கெட்டது என்று அவளுக்கு உறைத்தபோது கை தானாகவே நெற்றிக்குப் போனது. பவுனுத்தாய் முதல் நாளே சொல்லியிருந்தாள், ஆத்தா இருக்கையில தலமாட்டுல தீ எரியக்கூடாது தாயி. பெட்டி இருப்பது சரியாக அவர் தலைமாட்டுக்குக் கீழே. அதைக் கேட்ட தமயந்தி, யாரும் மறந்துபோய்க்கூடப் பற்றவைத்துவிடக் கூடாதே என்று, பர்னர் வாயைத் துணியால் அடைத்து, கதவைச் சாத்தி, மேலே மஞ்சள் தடவிய ஒரு நூலையும் கட்டிவைத்தாள். நூலைக் கட்டியதை அவள் தென்றலிடம் சொல்லவில்லை. இத்தனை நாளும் உள்ளே இருட்டு, கதகதப்பு, தொந்தரவில்லாத குழாய். திருப்புளியை எடுத்து இரண்டு திருகையும் கழற்றி, பர்னர் குழாயை மெல்ல வெளியே இழுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். மறுபக்கம் தெரியவில்லை. உள்ளே வெள்ளையாக, வெளியிலிருந்த மூட்டமே ஒரு சுருள் நுழைந்து உட்கார்ந்ததுபோல, சிலந்தி வலை. மாமா சொல்லியிருக்கிறார். கேஸில் நமக்காகச் சேர்க்கிற நாற்றம் இருக்கிறதே, அது சிலந்திக்கு ரொம்பப் பிடிக்குமாம், தேடி வருமாம். பாதி வீடுகளில் அவர் செய்தது உலை ரிப்பேரே இல்லை, சிலந்திக்கு வீடு காலி பண்ணிக் கொடுத்ததுதான் என்பார். விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கை உருவி, நுனியில் பஞ்சைச் சுற்றி, உள்ளே விட்டுத் திருகினாள். அவசரப்படாமல், குழந்தைக்குக் காது துடைக்கிற பதத்தில். வலை பஞ்சில் சுருண்டு வந்தது, கூடவே ஒரு காய்ந்த கொசு, கூடவே அந்தச் சிலந்தி, மிளகளவுதான், முன்பக்கம் எரிந்த தீயில் வேகாமல் பின்பக்கம் ஒடுங்கிப் பிழைத்திருக்கிறது, கால்களை எண்ணிப் பார்த்துக்கொள்வதுபோல ஒவ்வொன்றாக அசைத்தது. போ என்றாள். போகவில்லை. ஈர்க்கோடு கொண்டுபோய் ஒரு பூண்டுத் தாளில் வைத்தாள். உன்மேல் கோபமில்லை, துணியைக் கட்டி உனக்கு வீடு கொடுத்தது நான்தான். ஒன்பது வயதில் எனக்கும் அம்மை போட்டது, வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரிசையாகப் போட்டது, அத்தை தன் மகனை மட்டும் அன்றைக்கே போடிக்குச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். நாங்கள் எல்லோரும் சொறிந்துகொண்டு கிடக்கையில் இவர் அங்கே ஏலக்காய் மூட்டைமேல் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார். என்னை ஆத்தாவே தொடமாட்டா என்று நாற்பது வருஷம் பீற்றிக்கொண்டார். அன்றைக்கே வந்திருந்தால் நாலு நாள் சொறிந்துவிட்டு மாங்காய் அடிக்கப் போயிருப்பார். ஒளித்து வைத்தது ஐம்பது வயதில் வந்து நெஞ்சில் இறங்கியது. அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள், யாரிடம் சொல்லிச் சிரிப்பது, யாரிடம் சொல்லி அழுவது. குழாயை மறுபடி தூக்கிப் பார்த்தாள். மறுபக்கத்தில் வட்டமாகப் பூண்டு வயல் தெரிந்தது.

பொருத்தினாள். திருகினாள். கேஸைத் திறந்து, தள்ளி உட்கார்ந்து, பற்றவைத்தாள். டப்பென்று பிடித்தது, மஞ்சள் போய்விட்டது, ஆனால் நீலமும் நிலைகொள்ளவில்லை. முன்னால் திறந்து வைத்திருந்த செவுள் இப்போது அதிகம், காற்று பிய்த்துக்கொண்டு போக, தீ பர்னர் வாயைவிட்டு எகிறி அந்தரத்தில் நின்றுகொண்டு ஹோவென்று இரைந்தது, எதிர்க்காற்றில் லாரி ஏறுகிற இரைச்சல். அப்போதுதான் அது கேட்டது. ஜன்னலுக்குக் கீழே, தகரத்துக்கு உள்பக்கமிருந்து, விரல் முட்டியால் இரண்டு தட்டு. டொக், டொக். தமயந்தியின் கை திருகின்மேல் அப்படியே நின்றது. படுக்கையில் புரளும்போது கை பட்டிருக்கும். இல்லை, கை பட்டால் ஒன்றுதான் கேட்கும், இது இரண்டு. செவுளை மயிரிழை மூடினாள். இரைச்சல் தணிந்தது, தீ இறங்கி வந்து வாயில் உட்கார்ந்தது, உள்ளுக்குள் கூராக ஒரு சின்ன நீலம், அதைச் சுற்றி வெளிர்நீலம், நுனியில் மஞ்சள் பொட்டுக்கூட இல்லை. சத்தம் என்று சொன்னால் ஒரு மெல்லிய சீற்றம், அவ்வளவுதான். முடிந்தது வேலை. திருகை இறுக்கிவிட்டு எழுந்து போகலாம். உள்ளேயிருந்து ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றும் கேட்காதது தகரத்தின் வழியாகக் குளிர்போல வந்தது. சரியாக எரிந்தால் அவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது? அவள் கொஞ்ச நேரம் அந்த அழகான நீலத்தைப் பார்த்தாள், பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள், மாட்டு மணியைத் தவிர யாரும் இல்லை, திருகைத் தளர்த்தி செவுளை அகலத் திறந்தாள். ஹோ. எண்ணி முடிப்பதற்குள் தட்டு கேட்டது, இந்தமுறை மூன்று, வேகமாக. ஐயோ என்றிருந்தது அவளுக்கு, சந்தோஷத்தில். அப்படியே விட்டுவைத்தாள். இரைச்சலோடு இரைச்சலாக, இத்தனை நாள் சுவரோடு மட்டுமே பேசிய குரல், கரகரப்பாக, சுவர் வழியாகவே வந்தது.

"செவுள மூடு."

கேட்காததுபோல இருந்தாள். இருபத்திமூன்று வருஷக் குடித்தனத்தில் கேட்காததுபோல இருப்பதற்கு அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என்ன மாமா, என்றாள் சத்தமாக, ஒண்ணும் வெளங்கல, இந்த எரைச்சல்ல. கொஞ்சம் மூடுங்கறேன், என்று குரல் வந்தது. மூடினாள், ஆனால் வேண்டுமென்றே நன்றாக மூடினாள், நாக்கு மஞ்சளாக நீண்டு கொளகொளவென்று ஆடியது. அடியேய், என்றது சுவர், இவ்வளவுமா மூடுவாங்க. அடியேய். அந்தச் சொல்லை அவள் வாயில் போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கறுப்பு இழை கிளம்பி வெள்ளைப் பெயின்டைத் தொட்டது. தொட்ட இடத்துக்கு ஒரு முழம் மேலே ஜன்னல், கண்ணாடியில் மூச்சு. என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறேன். அரிசி டின் நினைவுக்கு வந்தது, துண்டு நினைவுக்கு வந்தது, திருகைப் பிடித்து வெடுக்கென்று பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, நீலம் நிலைத்ததும் இறுக்கி, இன்னும் ஒருமுறை இறுக்கினாள். போதும் விளையாட்டு. அவர் பேசாவிட்டால் பேசாமல் போகட்டும், மூச்சு இருந்தால் போதும், சுவரைப் பார்த்துக்கொண்டாவது இருக்கட்டும். அப்படி நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது, புறங்கையால் துடைத்தாள், கரி அப்பியிருக்கும். அப்போது வண்டி அசைந்தது. லேசாக அவள் பக்கம் சாய்ந்து, ஸ்பிரிங் ஒருமுறை முனகி, மறுபடி நிமிர்ந்தது. படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இந்த வண்டிக்குள் யார் எங்கே கால் வைத்தாலும் வெளியே நிற்பவருக்குத் தெரியும், அவள் அதை எத்தனையோ முறை குறை சொல்லியிருக்கிறாள். அடுத்த அசைவு அடுப்பங்கரைப் பக்கம். அடுத்தது வாசல். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் திரும்பிப் போய்விடுவாரோ என்று தீயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படியிறங்கும் செருப்புச் சத்தம். புல்லில் செருப்புச் சத்தம். ஒரு போர்வையின் நிழல்.

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். பர்னரில் நீலம் ஒரு குற்றமும் சொல்ல முடியாதபடி எரிந்துகொண்டிருந்தது. படுபாவி, சரிசெய்து தொலைத்துவிட்டேனே, இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருக்கக் கூடாதா. இதோ, வேலையில்லை என்று பார்த்துவிட்டார், திரும்பப் போகிறார். முகத்தைப் பார்த்தாள். பொருக்கு உதிர்ந்த இடங்களில் இளஞ்சிவப்பும் உதிராத இடங்களில் கறுப்புமாக, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் வெளிச்சத்தில் பார்க்காத முகம். விளக்கை அணைக்கச் சொல்லித்தான் கஞ்சி குடிப்பார். அவர் அவளைப் பார்க்கவில்லை. காதை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டார். பிறகு கேட்டார், இது இவ்வளவு நேரமும் இப்படித்தான் எரிஞ்சுதா, என்று. இப்பத்தான் சரியாச்சு, என்றாள். உள்ளே சிலந்தி இருந்துச்சு. எங்கே என்றார். பூண்டுத் தாளைக் காட்டினாள், அது எப்போதோ போய்விட்டிருந்தது. அப்ப அந்த மஞ்சளு, அதுக்கப்பறம் வந்த எரைச்சலு, என்று அவர் ஆரம்பித்து நிறுத்தினார், அவள் கன்னத்துக் கரியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். கேட்கவில்லை. அவரும் இருபத்திமூன்று வருஷம் குடித்தனம் நடத்தியவர்தான். போர்வையை இழுத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் சாக்கின் மிச்ச நுனியில் குந்தினார், மூச்சு வாங்கியது, வாங்கி அடங்கியது. தண்ணீர் காய அரைமணி நேரமாவது ஆகும். இருவரும் அந்த நீலத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், கல்யாணமான புதிதில் எட்மன்டனில் அடித்தள வீட்டின் உலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தமாதிரி, ஊரை நினைத்துக்கொண்டு. இப்போது எதை நினைத்துக்கொண்டு என்று அவளுக்குத் தெரியவில்லை. மூட்டம் ஒரு இடத்தில் மெலிந்து, வண்டிக் கூரைமேல் வெள்ளையாக, சூடில்லாமல், வெயில் என்று ஒப்புக்குச் சொல்லலாம்போல ஒன்று விழுந்து உடனே போய்விட்டது. வரப்பில் வந்துகொண்டிருந்த பவுனுத்தாய் அங்கிருந்தே, பட்டுருச்சு, பட்டுருச்சு, எறக்கி ஊத்து, என்று சொல்லிவிட்டு, ஆம்பளை குளிக்கிற இடம் என்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனாள்.

வண்டிக்குப் பின்னால், பலகையைப் போட்டு உட்காரவைத்தாள். வாளியை இறக்கி, குழாயில் வெந்நீரைப் பிடித்துக் கலந்து, முழங்கையை விட்டுப் பார்த்தாள். அவர் போர்வையை எடுத்தார். முதுகெல்லாம் பொருக்கு. சின்ன வயதில் அத்தை தனக்கு ஊற்றியபோது என்ன சொன்னாள் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள், ஏதோ சொன்னாள், ஆத்தா குளிர்ந்து போ தாயே என்றோ என்னவோ, முழுசாக வரவில்லை. வந்தவரை மனசுக்குள் சொல்லிக்கொண்டு முதல் செம்பை உச்சந்தலையில் ஊற்றினாள். அவர் தோள் ஒருமுறை குறுகியது. இரண்டாவது செம்பு. வேப்பிலை ஒன்று கழுத்தில் ஒட்டிக்கொண்டது, அவர் அதைக்கூட எடுக்கவில்லை, தலையைக் குனிந்து ஊற்றினதை வாங்கிக்கொண்டு, கஞ்சி குடித்தமாதிரியே உட்கார்ந்திருந்தார். தீயைப் பார்க்க வந்தவர், வந்து பார்த்தாயிற்று. அவளுக்குச் செம்பு கனத்தது. மூன்றாவதை ஊற்றினாள்.

"சூடு பத்தல."

என்ன, என்றாள். இந்தமுறை நிஜமாகவே கேட்கவில்லை, தண்ணீர் விழுகிற சத்தத்தில்.

"சூடு பத்தலங்கறேன். காலைலருந்து அந்த உருட்டு உருட்டிட்டு, பச்சத் தண்ணியப் பாதிக்குப் பாதி கலந்தா அது எங்குட்டுச் சுடும்? பொட்டிய என்னத்துக்குக் கப்பல்ல வச்சுக் கொண்டாந்தேன்?"

குழாயிலிருந்து நேராக ஒரு செம்பு பிடித்து, ஆவி பறக்க, கொஞ்சம் ஆறவிட்டு, முதுகில் ஊற்றினாள். ம், என்றார். பிறகு, வலப்பக்கம் அரிக்கிது தமா, கை வைக்காத, தண்ணிய ஊத்து, என்றார். அவள் ஊற்றினாள்.

"அங்க இல்ல. கீழ."

கீழே ஊற்றினாள்.

"இன்னும் கீழ."